ஒரு நாள் மலைநடைக்குத் தயாராவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலையில் ஏறி மாலைக்குள் இறங்கிவிடும் நடைகளுக்குப் புதியவர்களை அழைத்துப்போவது எனக்குப் பல வருடப் பழக்கம். கிளம்புவதற்கு முந்தைய வாரம் அவர்களிடமிருந்து வரும் கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒரு நாள் நடைதானே, இதற்கு இவ்வளவு ஏற்பாடு வேண்டுமா?

வேண்டும். மலையில் தங்கப் போகிறவர் கூடாரம், போர்வை, அடுப்பு எல்லாவற்றையும் சுமந்து போகிறார். நேரமாகிவிட்டால் இருந்த இடத்திலேயே படுத்துக்கொள்ளலாம். ஒரு நாள் நடைக்குப் போகிறவரிடம் அது எதுவும் இல்லை. பிற்பகல் 3 மணிக்கு ஒருவருக்குக் கணுக்கால் பிசகிவிட்டால், ஒரு மணி நேர இறக்கம் நான்கு மணி நேரமாகிவிடும். வியர்வையில் நனைந்த சட்டை, காலியான பாட்டில், இருட்டு, குளிர் எல்லாம் சேர்ந்து வரும்.

பையை அடுக்கும்போது நான் மனதில் வைத்துக்கொள்வது அந்தக் கூடுதல் மூன்று மணி நேரத்தைத்தான். எல்லாம் திட்டப்படி நடந்தால் பையில் பாதிப் பொருள் வெளியே வராமலே வீடு திரும்பும். "சும்மா சுமந்தோமே" என்று அடுத்த முறை அதை எடுத்து வைத்துவிடாதீர்கள்.

எத்தனை மணி நேரம் ஆகும் என்று முன்கூட்டியே எப்படிக் கணக்குப் போடுவது?

1892-ல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு கணக்குச் சொன்னார். இன்றும் அது பயன்பாட்டில் இருக்கிறது. 5 கி.மீ. தூரத்துக்கு ஒரு மணி நேரம். ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். போக வர 12 கி.மீ., மொத்த ஏற்றம் 900 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தூரத்துக்கு 2 மணி 24 நிமிடம், ஏற்றத்துக்கு ஒன்றரை மணி. ஆக ஏறக்குறைய 4 மணி நேரம்.

இது நல்ல நடைப்பழக்கம் உள்ளவர் நிற்காமல் நடந்தால் ஆகும் நேரம். சாப்பிட, போட்டோ எடுக்க, லேஸ் கட்ட, மூச்சு வாங்க நிற்பது எதுவும் இதில் சேரவில்லை. புதியவர்கள் இருக்கும் குழுவுக்கு நான் ஒன்றரை மடங்கு போடுவேன், அதாவது 6 மணி நேரம். அதற்கு மேல் 2 மணி நேர வெளிச்சம் கையிருப்பாக இருக்க வேண்டும். சூரியன் 6 மணிக்கு மறைகிறது என்றால், காலை 10 மணிதான் கிளம்புவதற்குக் கடைசி எல்லை. நான் 7 மணிக்கே கிளம்பிவிடுவேன்.

அப்புறம், திரும்பும் நேரம். கிளம்பும் முன்பே எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிடுங்கள்: "உச்சிக்குப் போனாலும் போகாவிட்டாலும் 11 மணிக்குத் திரும்புகிறோம்." இதை மேலே போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று விட்டால் முடிவே எடுக்க முடியாது. களைத்த மனசு "இதோ தெரிகிறதே, இன்னும் இருபது நிமிடம்தான்" என்று சொல்லும். கீழிருந்து உச்சியாகத் தெரிவது பல நேரம் உச்சியே அல்ல, அதற்குப் பின்னால் இன்னொரு மேடு நிற்கும். காலையிலேயே பேசி வைத்திருந்தால் அந்த இடத்தில் வாக்குவாதம் வராது.

வழியில் வெளிச்சம் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கக் கையே போதும். கையை முழுதாக நீட்டி, விரல்களைப் படுக்கைவாட்டில் வைத்து, சூரியனுக்கும் அடிவானத்துக்கும் நடுவே எத்தனை விரல் அடங்குகிறது என்று எண்ணுங்கள். விரலுக்குச் சுமார் 15 நிமிடம். பள்ளத்தாக்கிலும் அடர்ந்த மரங்களுக்குக் கீழும் இருட்டு அதற்கு முன்பே வந்துவிடும்.

"மலைக்குப் போகிறேன்" என்று வீட்டில் சொல்லிவிட்டால் போதாதா?

போதாது. தேடி வருகிறவர்களுக்கு அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. கூட வராத ஒருவருக்கு எழுத்தில் ஒரு செய்தி அனுப்புங்கள். நான் அனுப்புவது இப்படி இருக்கும்:

"காலை 7 மணிக்குக் கிழக்குப் பக்கப் பாதையில் ஏறுகிறோம். மொத்தம் நாலு பேர். அருவி வழியாக உச்சிக்குப் போய் அதே வழியில் இறங்குகிறோம். மதியம் 1 மணிக்கு வண்டிக்கு வந்துவிடுவோம். 4 மணி வரைக்கும் என்னிடமிருந்து தகவல் வராவிட்டால் அவசர உதவி எண்ணைக் கூப்பிட்டு இதை அப்படியே படித்துக் காட்டு. நான் ஆரஞ்சு நிற ரெயின்கோட் வைத்திருக்கிறேன்."

இதில் முக்கியமானது அந்த 4 மணி. அந்த நேரம் இல்லாவிட்டால், கீழே இருப்பவர் "சிக்னல் கிடைத்திருக்காது, வந்துவிடுவார்கள்" என்று இரவு முழுக்கத் தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டிருப்பார். செய்தி அனுப்பிய பிறகு பாதையை மாற்றாதீர்கள். மாற்றினால் அதையும் சொல்லிவிடுங்கள்.

புது ஷூ வாங்க வேண்டுமா? இருப்பதே போதுமா?

பாதை நன்றாக இருந்தால், அடியில் பல் தேயாத ஓட்ட ஷூவே போதும். ஈரப்பாறை, சரளைக்கல், சேறு இருந்தால் ஆழமான பற்கள் கொண்ட மலைநடை ஷூ நல்லது. புதிதாக வாங்குவதென்றால் மாலையில் போங்கள். நாள் முழுக்க நடந்தால் கால் கொஞ்சம் வீங்கும், மலையிலும் அப்படித்தான் வீங்கும். மலைக்குப் போடப்போகும் சாக்ஸையே போட்டுக்கொண்டு அளவு பாருங்கள். நுனியில் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். வாங்கிய கையோடு மலைக்குப் போடாமல் இரண்டு மூன்று வாரம் அக்கம்பக்கம் நடந்து பழகுங்கள்.

பழைய ஷூ வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஒருமுறை, சில வருடங்களாக அலமாரியில் கிடந்த ஷூவைப் போட்டுக்கொண்டு போனேன். பார்க்கப் புதிது மாதிரியே இருந்தது. ஏறத் தொடங்கி இரண்டு மணி நேரத்தில் வலது குதிகாலில் ஏதோ தட்டுகிற மாதிரி இருந்தது. குனிந்து பார்த்தால் சோல் பாதிவரை பிளந்து, நடக்கும்போது வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. பல ஷூக்களின் நடு அடுக்கு பாலியூரித்தேனால் ஆனது. போடாமல் வைத்திருந்தாலும் காற்றிலுள்ள ஈரம் அதை வருடக்கணக்கில் மெல்ல அரித்து நொறுங்க வைத்துவிடும். கூட வந்த நண்பர் தன் தண்ணீர் பாட்டிலைச் சுற்றி அகலமான துணி டேப்பை ஒட்டி வைத்திருந்தார். அதைக் கிழித்து மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டிக்கொண்டு இறங்கினேன். பாறையில் தேய்ந்து அறுந்துபோக, வழியில் இரண்டு தடவை புதிதாகச் சுற்ற வேண்டியிருந்தது. அன்றிலிருந்து என் பாட்டிலிலும் மூன்று மீட்டர் டேப் இருக்கிறது. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு சோலின் பக்கவாட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தாலோ பொடி உதிர்ந்தாலோ அந்த ஷூ வேண்டாம்.

காலில் கொப்புளம் வராமல் இருக்க என்ன செய்வது?

கொப்புளம் வருவதற்கு முன்பே கால் சொல்லிவிடும். குதிகாலிலோ சுண்டுவிரலிலோ ஓரிடம் மட்டும் சூடாக உறுத்தும். அந்த நிமிடமே நில்லுங்கள். மற்றவர்களை நிறுத்த வேண்டுமே என்று கூச்சப்பட்டு அரைமணி நேரம் தள்ளிப்போட்டால் தோல் நீர்கோத்துவிடும், மிச்ச நாள் முழுக்க நொண்ட வேண்டியதுதான். ஷூவைக் கழற்றி, காலை நன்றாகத் துடைத்து உலரவிட்டு, சுருக்கம் விழாமல் டேப் ஒட்டுங்கள். சாக்ஸ் ஈரமாக இருந்தால் மாற்றுங்கள். இதற்கு ஐந்து நிமிடம் ஆகும். கூட வருபவர்களும் அந்த ஐந்து நிமிடத்தை முகம் சுளிக்காமல் கொடுக்க வேண்டும்.

ஜீன்ஸும் டீ-ஷர்ட்டும் போட்டுக்கொண்டு போகலாமா?

தயவுசெய்து வேண்டாம். பருத்தி நீரைக் குடித்துவைத்துக்கொள்ளும், காய நேரமாகும், ஈரமாக உடம்போடு ஒட்டி வெப்பத்தை உறிஞ்சும். ஜீன்ஸ் நனைந்தால் கனமும் கூடும். பாலியெஸ்டர் விளையாட்டு உடையோ மெல்லிய கம்பளியோ போடுங்கள். அதற்கு மேல் ஒரு வெதுவெதுப்பான அடுக்கு, எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் மழையும் புகாத ரெயின்கோட்.

ஒவ்வொரு 1000 மீட்டர் ஏறும்போதும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். அடிவாரத்தில் வியர்த்துக் கொட்டும்போது ஸ்வெட்டரை வண்டியிலேயே விட்டுவிடத் தோன்றும், விடாதீர்கள். வெயிலும் அப்படித்தான். 1000 மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம் புற ஊதாக் கதிர் கூடும், குளிர்ந்த காற்று அடிப்பதால் சுடுவது தெரியாது. தொப்பியும் சன்ஸ்கிரீனும் மேகமூட்டமான நாளிலும் வேண்டும்.

எவ்வளவு தண்ணீர் எடுத்துக்கொள்வது?

மிதமான வானிலையில் மணிக்கு அரை லிட்டர். வெயிலில் கடுமையான ஏற்றம் என்றால் ஒரு லிட்டர் வரை போகும். 6 மணி நேர நடைக்கு 3 லிட்டர், அதாவது 3 கிலோ. கனமாகத்தான் இருக்கும், ஆனால் மணிக்கு மணி குறைந்துகொண்டே வரும் கனம் அது. கிளம்பும் முன் ஒரு அரை லிட்டர் குடித்துவிடுங்கள். பாதித் தண்ணீர் தீரும்போது பாதி வழி தாண்டியிருக்கிறோமா என்று பாருங்கள். தாண்டவில்லையென்றால் திரும்புவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

நிறைய வியர்க்கும்போது வெறும் தண்ணீரை மட்டும் அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்து. ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். உப்புள்ள தின்பண்டமோ ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டோ கையில் இருக்கட்டும்.

ஓடைத் தண்ணீர் பளிங்கு மாதிரி தெரிந்தாலும் அப்படியே குடிக்காதீர்கள். கொதிக்கத் தொடங்கியபின் 1 நிமிடம், 2000 மீட்டருக்கு மேலே என்றால் 3 நிமிடம் கொதிக்கவிட வேண்டும். ஒரு நாள் நடையில் அடுப்பு இருக்காது என்பதால் வடிகட்டியோ சுத்திகரிப்பு மாத்திரையோ வைத்திருங்கள். மாத்திரை போட்டபின் அட்டையில் எழுதியிருக்கும் நேரம்வரை காத்திருக்க வேண்டும்.

கேட்கக் கூச்சமாக இருக்கிறது, வழியில் கழிப்பறைக்கு என்ன செய்வது?

கூச்சமே வேண்டாம். இந்தத் தயக்கத்தால் தண்ணீரே குடிக்காமல் நடந்து மயங்கி விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், முக்கியமாகப் பெண்கள். கிளம்பும்போதே "யாருக்கு எப்போது தேவைப்பட்டாலும் சொல்லுங்கள், மற்றவர்கள் முன்னால் போய் நிற்போம்" என்று குழுவில் ஒருவர் சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

பாதையிலிருந்தும் நீரோடையிலிருந்தும் 60 மீட்டராவது, அதாவது சுமார் 80 எட்டு தள்ளிப் போங்கள். 15 முதல் 20 செ.மீ. ஆழத்துக்குக் குழி தோண்டி, பிறகு மண்ணால் மூடுங்கள். டிஷ்யூவும் நாப்கினும் குழியில் போடக்கூடாது. ஒரு ஜிப் பையில் போட்டுத் திருப்பிக் கொண்டுவாருங்கள். போகும்போது பையை ஒருவரிடம் கொடுத்துச் சொல்லிவிட்டுப் போங்கள், விசிலை மட்டும் கழுத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

போனில் மேப் இருக்கிறதே, வேறென்ன வேண்டும்?

முந்தைய நாளே அந்தப் பகுதியின் மேப்பை ஆஃப்லைனில் இறக்கிக்கொள்ளுங்கள். நடக்கும்போது போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுங்கள். மலையில் டவரைத் தேடித் தேடித்தான் பேட்டரி தீரும். ஜி.பி.எஸ். அந்த மோடிலும் வேலை செய்யும். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும் என்பதால் போனை உடம்போடு ஒட்டிய உள்பாக்கெட்டில் வையுங்கள்.

மழையில் தொடுதிரை சொன்னபடி கேட்காது, பாறையில் விழுந்தால் கதை முடிந்தது. அதனால் காகித வரைபடமும் திசைகாட்டியும் கூடவே இருக்கட்டும். அவற்றைப் பயன்படுத்தவும் ஒருமுறை பழகிவிடுங்கள். பேச முடியாத அளவுக்குச் சிக்னல் பலவீனமாக இருக்கும் இடத்திலும் குறுஞ்செய்தி போய்ச் சேரக்கூடும். 112 பல நாடுகளில் அவசர எண். உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாவிட்டாலும், வேறு நிறுவனத்தின் டவர் எட்டினால் அந்த அழைப்பு போகக்கூடும்.

சரி, பையில் என்னென்ன இருக்க வேண்டும்? எப்படி அடுக்குவது?

சியாட்டில் நகரின் மவுண்டனியர்ஸ் என்ற மலையேறும் சங்கம் 1930களிலிருந்து 'பத்து அத்தியாவசியங்கள்' என்று ஒரு பட்டியலைச் சொல்லிக்கொடுத்து வருகிறது. வழி காண, வெளிச்சத்துக்கு, வெயிலிலிருந்து காக்க, முதலுதவிக்கு, கத்தியும் பழுதுபார்ப்பும், நெருப்பு, மழை காற்றுக்கு ஒதுங்க, கூடுதல் உணவு, கூடுதல் தண்ணீர், கூடுதல் உடை. இந்தப் பத்துக்கும் ஒவ்வொரு பொருள் பையில் இருந்தால் சரி. தீக்குச்சியையும் லைட்டரையும் அவசரத்துக்கு மட்டும் வைத்திருங்கள். தீமூட்டத் தடையுள்ள காட்டில் தொடவே கூடாது.

20 முதல் 30 லிட்டர் பை போதும். நான் அடுக்கும் விதம் இது. முதலில் பைக்குள் ஒரு பெரிய குப்பைப் பையை விரிப்பேன். வெளியே போடும் மழையுறை முதுகு வழியாக இறங்கும் தண்ணீரைத் தடுக்காது. உள்ளே இருக்கும் இந்தப் பைதான் மாற்று உடையைக் காப்பாற்றும். அடியில் மாற்றுச் சட்டையும் சாக்ஸும். முதுகை ஒட்டி நடுவில் தண்ணீர், ஏனென்றால் கனமானது முதுகை விட்டு விலகினால் பை பின்னுக்கு இழுக்கும். அதற்கு முன்னால் உணவும் முதலுதவியும். எல்லாவற்றுக்கும் மேலே ரெயின்கோட், மழை எதிர்பாராத நேரத்தில்தான் வரும். மேல் ஜிப்பில் தலைவிளக்கும், உள்ளங்கையில் அடங்கும் அலுமினியப் பூச்சுப் போர்வையும். இடுப்புப் பட்டையை இறுக்கி, கனம் தோளில் இல்லாமல் இடுப்பில் உட்காரும்படி பாருங்கள்.

தலைவிளக்கு ஆளுக்கு ஒன்று வேண்டும். போன் டார்ச்சைப் பிடித்தால் ஒரு கை போய்விடும், பாறையில் இறங்க இரண்டு கையும் தேவை.

கூட வருபவருக்கு முடியவில்லை என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேட்டால் எல்லோரும் "ஒன்றுமில்லை, வாங்க போகலாம்" என்றுதான் சொல்வார்கள். அதனால் கேட்பதைவிடப் பாருங்கள். கலகலப்பாக வந்தவர் பேச்சை நிறுத்திவிட்டாரா, அடிக்கடி இடறுகிறாரா, சின்ன விஷயத்துக்கு எரிந்து விழுகிறாரா, பேச்சுக் குழறுகிறதா என்று கவனியுங்கள்.

மழையும் காற்றும் இருக்கும்போது இவை தெரிந்தால், உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கத் தொடங்கியிருக்கலாம். உறைபனி தேவையில்லை, நனைந்த உடம்புக்குக் காற்றடித்தால் 10 டிகிரியே போதும். ரெயின்கோட்டின் ஜிப்பை அவரையே போடச் சொல்லிப் பாருங்கள். விரல்கள் தடுமாறினால் உடனே நிறுத்துங்கள். ஈரத்தைக் கழற்றி உலர்ந்ததைப் போட்டு, தரைக்குளிர் ஏறாமல் பைமீது உட்காரவைத்து, போர்வையைச் சுற்றி, இனிப்பாக ஏதாவது கொடுங்கள். நடுங்கிக்கொண்டிருந்தவர் உடம்பு சூடாகாமலே நடுக்கம் நின்றுபோனால் நிலைமை மோசமாகிறது என்று அர்த்தம். அப்போதே உதவிக்குக் கூப்பிடுங்கள்.

வெயிலில் இதன் மறுபக்கம். தலைசுற்றல், குமட்டல் என்றால் நிழலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தால் சரியாகலாம். குழப்பமாகப் பேசினாலோ மயங்கினாலோ அது வெப்பத்தாக்கு, உயிர் போகும் ஆபத்து. உடனே உடம்பெல்லாம் நீரூற்றி விசிறிக் குளிர்வித்துக்கொண்டே உதவியைக் கூப்பிட வேண்டும். மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

இடி இடிக்கத் தொடங்கினால்?

மின்னலுக்கும் இடிக்கும் நடுவே விநாடிகளை எண்ணுங்கள். 3 விநாடிக்கு 1 கி.மீ. தூரம். 30 விநாடிக்குள் சத்தம் வந்தால் நீங்கள் ஆபத்தான எல்லைக்குள் இருக்கிறீர்கள். உச்சியையும் முகட்டையும் விட்டு இறங்குங்கள். தனிமரத்தடியில் ஒதுங்காதீர்கள், தரையில் படுக்காதீர்கள், ஒரே இடத்தில் கூடி நிற்காமல் இடைவெளி விட்டு நில்லுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகே மறுபடி ஏறலாம். பெரும்பாலும் அன்றைக்கு நான் ஏறமாட்டேன்.

வழி தவறிவிட்டால் ஓடையைப் பிடித்துக் கீழே போகலாமா?

வேண்டாம். ஓடை கீழேதான் போகும், ஆனால் அருவியாகவும் செங்குத்துப் பாறையாகவும் போகும். சந்தேகம் வந்த இடத்திலேயே உட்காருங்கள். தண்ணீர் குடியுங்கள். கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடம் எது என்று யோசியுங்கள். அது பக்கத்தில் இருந்து, வந்த தடமும் தெளிவாக இருந்தால் திரும்பிப் போங்கள். இல்லாவிட்டால் அங்கேயே இருங்கள். அந்த 4 மணிச் செய்தி உங்களுக்காக வேலை செய்யும்.

நிமிடத்துக்கு 6 முறை விசில், பிறகு ஒரு நிமிடம் அமைதி, மறுபடி 6. ஆல்ப்ஸ் மலைகளில் தொடங்கிய அபாய அறிவிப்பு இது. வட அமெரிக்காவில் 3 முறை ஊதுவது வழக்கம். இருட்டில் விளக்கையும் இதே கணக்கில் காட்டலாம். கத்தினால் கொஞ்ச நேரத்தில் குரல் போய்விடும், விசில் போகாது.

பாம்பு, அட்டை, உண்ணி?

பாம்பு கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டு, கடிபட்ட பகுதி அசையாமல் வைத்து, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அட்டையை நகத்தால் பக்கவாட்டில் தள்ளினாலே விழுந்துவிடும். உண்ணியை நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள், திருகாதீர்கள்.

இறங்கும்போது முட்டி வலிக்கிறதே?

ஏற்றம் மூச்சை வாங்கும், இறக்கம் முட்டியை வாங்கும். சின்னச் சின்ன அடியாக, முட்டியை லேசாக மடக்கியபடி இறங்குங்கள். ஊன்றுகோல் இருந்தால் நீளத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். இறங்கத் தொடங்குமுன் லேஸைக் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டினால் கால் முன்னுக்குச் சறுக்கி நகம் அடிபடாது.

திரும்பி வந்ததும் என்ன செய்வது?

வண்டிக்கு வந்து பையை இறக்கிய உடனே, தண்ணீர் குடிப்பதற்கும் முன்னால், செய்தி அனுப்பி வைத்தவரிடம் "இறங்கிவிட்டோம், எல்லோரும் நலம்" என்று சொல்லிவிடுங்கள். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பார்.